பதினோராம் நாள்

கீழ்வீட்டு அக்கா வருஷத்தில் ஒரு நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அதை நான் கவனித்தது என் மனைவி இறந்த பிறகு வந்த இரண்டாவது இலையுதிர்காலத்தில். அதற்கு முன் எனக்குக் கவனிக்க நேரம் இருக்கவில்லை.

லண்டனில், ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீடு இரண்டு தட்டாகப் பிரித்தது. கீழே அவர், மேலே நான், இடையில் பதினாறு படி. காலை பத்தரைக்கு அவர் உள்ளிப்பூண்டையும் வெங்காயத்தையும் எண்ணெயில் போடுவார். அந்த மணம் என் குசினிக்கு ஏறிவர நாலு நிமிஷம் பிடிக்கும். அன்று பதினொன்றாகியும் வரவில்லை. விழுந்து கிடக்கிறாரோ என்று பயந்து இறங்கிப் போய்த் தட்டினேன்.

கதவைத் திறந்தார். வெள்ளை உடுப்பு. முகத்தில் நோய் எதுவும் தெரியவில்லை.

"வயித்துக்குத்து, மாஸ்டர். இண்டைக்குச் சமைக்கேல்லை."

நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான். அவருடையது அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து நாற்பது வருஷத்தில் பொறுக்கியது, என்னுடையது புத்தகத்தில் படித்தது. எழுதும்போது அது என் பேச்சில்தான் வருகிறது. நான் மன்னாரில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் கத்தோலிக்கக் கோயிலில் தமிழர் எல்லாரும் என்னை மாஸ்டர் என்பார்கள். அதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட்டார். என்னிலும் ஆறு வயது மூத்தவர். என் மனைவி அக்கா என்று தொடங்கினாள், நானும் விடவில்லை. போர்த்துக்கல்லில் ஒரு மலைக்கிராமம் அவருடைய ஊர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். ஞாயிறு பூசைக்கு என்னோடுதான் வருவார். தூணுக்குப் பக்கத்தில், இடமிருந்து மூன்றாவது இடத்தில் இருப்பார். ஒவ்வொரு ஐப்பசியிலும் பூசைக்கு வருகிறவர்களை எண்ணிக் கொடுக்கும் வேலை எனக்கு என்பதால் அது தெரியும். "மாஸ்டர் பூசைக்கு வாறது கும்பிடவோ, தலை எண்ணவோ?" என்று பகிடி பண்ணுகிறவர்களும் உண்டு.

அடுத்த வருஷமும் ஒரு நாள் மணம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும். நான் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். ஐந்து தேதிகள் சேர்ந்ததும் இடைவெளியைக் கழித்துப் பார்த்தேன். முந்நூற்று எண்பத்தைந்து, முந்நூற்று ஐம்பத்தைந்து, முந்நூற்று ஐம்பத்துமூன்று, முந்நூற்று எண்பத்துநாலு. சூரியனைப் பார்த்து வருகிற நாள் இப்படித் துள்ளாது. இது மாதப் பிறையைப் பார்த்து வருகிற நாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்குச் சரிவந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்கட வயித்துக்குத்து பிறையைப் பார்த்து வருது."

அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். எழும்பிப் போய்க் குசினி யன்னலைச் சாத்தினார். அதன் பிறகுதான் பேசினார்.

அது அவருடைய அம்மாவின் விரதம். கோடை முடிந்து வருகிற பிறையிலிருந்து பதினோராம் நாள். முதல்நாள் பொழுதுபடத் தொடங்கி மறுநாள் வானத்தில் வெள்ளி தெரியும்வரை தண்ணீர்கூட இல்லை. தூய நாள் என்று அதற்குப் பெயர். அவருடைய ஆட்கள் யூதர். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ராசா கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுப்பித்தார். அன்றிலிருந்து வெளியில் கோயில், உள்ளே இது. ஆண்களுக்குச் செபம் தெரியாது, பெண்களின் வாயில்தான் அது இருந்தது. எழுதி வைத்தால் பிடிபடுவார்கள், ஆகவே எழுத்தில் ஒன்றுமில்லை.

"அவருக்குத் தெரியுமோ?" என்று கணவரின் படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"முப்பத்தொரு வருஷமும் வயித்துக்குத்து எண்டுதான் சொன்னனான். பாவம், ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் மருந்து வாங்கிக்கொண்டு வருவார்."

எனக்கு ஒரு விஷயம் மனதில் தட்டியது. "அந்த ராசாவின்ர நாட்டு ஆக்கள்தான் பிறகு எங்கட கரைக்கும் வந்து தண்ணி ஊத்தினவை" என்றேன்.

"உங்களையும் பிடிச்சுத் தள்ளினவையோ?"

"இல்லை, நாங்கள் விரும்பிப் போனதாத்தான் கதை. பிறகு, மதம் மாறினதுக்காக எங்கட சொந்த ராசா ஆள் அனுப்பி வெட்டினவர்."

அக்கா மேசைத் துணியை எடுத்து மடித்தார். "உங்களுக்குத் தண்ணி ஊத்தின ராசா வேற, வெட்டின ராசா வேற. எங்களுக்கு ரெண்டும் ஒருத்தர்தான்."

அதன் பிறகு அவர் எனக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லை. கண்ணில் புரை விழுந்து பிறை தெரியாமல் போனதால், நாளை எண்ணித் தருகிற வேலையை என்னிடம் தந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த கோடையில் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பார்த்தேன். முன்னோர் கட்டாயத்தால் மதம் மாற்றப்பட்டு, மீண்டும் யூதராக வாழ விரும்புகிறவர்கள் ஒன்றுகூடுகிறோம் என்று ஆங்கிலத்திலும் போர்த்துக்கீச மொழியிலும் இருந்தது. இடமும் தேதியும் போடவில்லை. தொலைபேசி இலக்கம் மட்டும். இந்தக் காலத்தில் யூதர்கள் கூடுகிற இடத்தைப் பாதுகாப்புக்காகப் பலகையில் போடுவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அக்காவிடம் வாசித்துச் சொன்னேன். அவர் நாலு நாள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஐந்தாம் நாள் படியடியில் நின்று கூப்பிட்டார்.

"மாஸ்டர், எனக்கு எண்பத்திரண்டு வயது. அம்மா செத்தாப் பிறகு நான் தனியத்தான் அந்த நாளைப் பிடிக்கிறன். ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ர ஆக்களோட இருந்து பிடிக்க வேணும். யன்னலைத் திறந்து வைச்சு. நீங்கள் முதல்ல போய்ப் பார்த்திட்டு வாங்கோ. என்ர பேர் சொல்லாதேங்கோ. எங்கட வீட்டுப் பழக்கம் ஒண்டும் சொல்லாதேங்கோ. ஒரு அம்மா இருக்கிறா எண்டு மட்டும் சொல்லுங்கோ."

போனேன். தொலைபேசியில் சொன்ன இடம், பெரிய தெருவுக்குப் பின்னால் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு மண்டபம். நடத்துகிறவர் பிரேசிலில் பிறந்தவர், ஐம்பது வயதிருக்கும், வீடுகளில் வெந்நீர் பொயிலர் திருத்துகிற வேலை. வேலை உடுப்போடேயே நின்றார். நான் கதவடியில் நின்று பழக்கதோஷத்தில் விரலை நீட்டி ஆட்களை எண்ணத் தொடங்கினேன். ஆறு வரை போனதும் அவர் வந்து என் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஐயா, ஆக்களை எண்ணாதேங்கோ. எங்களிட்டை அது வழக்கமில்லை."

"உங்கட செபத்துக்குப் பத்துப் பேர் வேணும் எண்டு வாசிச்சன். அப்ப அவை சேர்ந்திட்டினம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பத்துச் சொல்லுள்ள ஒரு வசனம் இருக்கு. ஆளுக்கு ஒரு சொல்லாச் சொல்லிக்கொண்டு போவம். சொல் முடிஞ்சால் பத்து."

அதுவும் எண்ணுவதுதானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அன்று அவருடைய வசனம் முடிய இரண்டு சொல் மிச்சம் இருந்தது.

அவருடைய வீட்டில் பன்றி இறைச்சி தொடாத பழக்கம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லையாம். ஏன் தொடுவதில்லை என்று அவருடைய தகப்பனுக்கே தெரியாதாம். ஒரு செபம்கூட இல்லை என்றார். எல்லாவற்றையும் புத்தகத்திலிருந்துதான் படிக்கிறார்கள். நான் ஒரு அம்மா இருக்கிறா என்றேன், விரத நாளுக்கு வர ஆசைப்படுகிறா என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது.

"திங்கள் பின்னேரம் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. எல்லாரும் இருப்பம்."

வீட்டுக்கு வந்து என் கணக்கைப் பார்த்தேன். அந்த வருஷம் அக்காவின் விரதம் திங்கள் பொழுதுபடத் தொடங்கி செவ்வாய் முடியும். அவர் சொன்னதும் திங்கள் பின்னேரம். இரண்டும் ஒத்துவந்தன. பக்கத்தில் சரி என்று அடையாளம் போட்டேன். நான் செய்த பிழை அதுதான். திங்கள் எது, தொடக்கமா முடிவா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பள்ளியில் இதைவிடச் சின்னப் பிழைக்குப் பிள்ளைகளின் கொப்பியைத் திருப்பி எறிந்திருக்கிறேன்.

திங்கள் பின்னேரம் அக்கா ஐந்தரைக்குச் சாப்பிட்டார். மீனும் பாணும். வாய் கொப்பளித்தார். அலமாரிக்குள் ஒரு மண்சட்டியில் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினார். பொழுதுபட்டு விளக்கு நின்று எரிவதைப் பார்த்த பிறகுதான் வீட்டைவிட்டு வருவேன் என்றார். தாயின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தோளில் இரண்டு இடத்தில் தையல் போட்டது. பஸ்ஸில் ஆறு தரிப்பு. வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். 

"என்ன கேப்பினம், மாஸ்டர்?"

"ஒண்டும் கேளாயினம். இருங்கோ எண்டு சொல்லுவினம்."

மண்டபக் கதவைத் திறந்தபோது பெரிய சத்தம். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நீட்டு மேசையில் கேக், தோடம்பழச் சாறு, முட்டை, பாண். ஒருவர் வாய் நிறைய அடைத்துக்கொண்டு நின்றார். பொயிலர்காரர் எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். "வாங்கோ அம்மா, கொஞ்சம் பிந்திப் போனியள், பரவாயில்லை" என்று சொல்லி ஒரு துண்டுக் கேக்கைக் கடதாசியில் வைத்து அவருடைய கையில் கொடுத்தார். "இப்பதான் விரதம் முடிஞ்சது. சாப்பிடுங்கோ."

அக்கா கேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இப்பதான் தொடங்கினது" என்றார்.

பொயிலர்காரருக்கு முதலில் விளங்கவில்லை. நான்தான் பதினோராம் நாள் என்று சொன்னேன். சொன்னதும் அவருக்குப் பிடிபட்டது. சந்தோஷத்தோடேயே அதை விளக்கினார். அவர் வாசித்திருந்த விஷயம் கண்முன்னால் உயிரோடு வந்து நின்றதில் வந்த சந்தோஷம் அது. விரதம் பத்தாம் நாள்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒளித்திருந்த யூதரைத் தேடிப் பிடித்த திருச்சபை விசாரணைக்காரருக்கும் பத்தாம் நாள் தெரியும். அன்றைக்கு எந்த வீட்டுப் புகைக்கூட்டில் புகை வரவில்லை என்று ஒற்றர் பார்த்துத் திரிவார்கள். அதற்காகச் சில ஊர்களில் அன்று அடுப்பை மூட்டிப் புகை காட்டிவிட்டு, அடுத்த நாள் விரதம் பிடித்தார்கள்.

"பயத்தில மாத்தின நாள், அம்மா" என்றார். "இப்ப ஒருத்தரும் பார்க்கேல்லை. வாற வருஷம் எங்களோட சரியான நாளிலயே பிடிக்கலாம்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் அக்காவின் தோளைத் தடவினார். ஒருவரும் இகழ்ந்து பேசவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள்.

"அப்ப என்ர அம்மா பிடிச்சது பிழையான நாளோ?" என்று அக்கா கேட்டார்.

 பொயிலர்காரர் தன் கேக்கை மேசையில் வைத்தார். நான் சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தேன், ஏழு நாற்பத்தாறு.

பஸ்ஸில் திரும்பும்போது கேக் அக்காவின் மடியில் கடதாசிக்குள் இருந்தது. அவர் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. மறுநாள் முழுக்க அவர் தனியே விரதம் பிடித்தார். நான் மத்தியானம் எட்டிப் பார்த்தபோது கதிரையில் நேராக இருந்தார். யன்னல் சாத்தியிருந்தது.

லண்டனின் மறுபக்கம் பிளேஸ்டோவில் இருக்கிற என் மகள் அன்றிரவு தொலைபேசி எடுத்தாள். "அப்பா, மருந்து எடுத்தனீங்களோ? ஏன் குரல் ஒரு மாதிரி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அக்கா பின்னேரம் பாத்திரம் கழுவும்போது எதையோ முணுமுணுப்பது தரைவழியாக மேலே கேட்கும். பெரிய சத்தமில்லை, தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே இழுபடுகிற ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மூன்று கிழமையாக அது கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது.

போய்க் கேட்டேன்.

"அது அம்மா தந்த விரதச் செபம். மறக்காமல் இருக்க நாளாந்தம் ஒருக்காச் சொல்லுறது. இப்ப சொல்ல மனம் வரேல்லை, மாஸ்டர். எழுபது வருஷம் பிழையான நாளில சொன்னது ஆருக்குப் போய்ச் சேர்ந்ததோ."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, அக்கா. பிழை என்ர."

"ஓம், உங்கட பிழையும் இருக்கு" என்றார். சமாதானத்துக்காகப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவர். "ஆனால் நீங்கள் சரியாக் கணக்குப் பார்த்திருந்தாலும் நான் பதினொண்டிலதானே நிண்டிருப்பன்."

அடுத்த விரதத்துக்கிடையில் பொயிலர்காரர் ஏழு முறை வந்தார். முதல் மூன்று முறை கதவு திறக்கப்படவில்லை. நாலாம் முறை அக்காவின் பொயிலர் பழுதென்று நான் ஒரு பொய் சொல்லி உள்ளே விட்டேன். அவர் உண்மையிலேயே பொயிலரைத் திறந்து ஒரு குழாயை மாற்றிக்கொண்டே பேசினார்.

"பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அம்மா."

"பயத்தின்ர நாள் எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான். அது மடத்தனமான கதை. பயந்தாலும் விடாமல் பிடிச்ச நாள் அது. எங்கட வீட்டில பயந்து விட்டிட்டினம். என்னட்டை ஒரு வரிகூட இல்லை."

 அவர் போகும்போது அக்கா ஒரு தேத்தண்ணி கொடுத்தார்.

ஏழாம் முறை ஒரு யோசனையோடு வந்தார். வருகிற முறை அவர்களுடைய நாள் சனி, அக்காவின் நாள் ஞாயிறு. சனிக்கிழமை மண்டபத்தில் எங்கள் விரதத்தை முடிப்போம், ஞாயிறு பின்னேரம் உங்கள் குசினிக்கு வருவோம், உங்கள் அம்மாவின் செபத்தை நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் இருப்போம் என்றார். இதைத்தான் அக்கா கேட்டிருந்தார். ஆனால் அவர் உடனே சரியென்று சொல்லவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "வாங்கோ" என்றார். ஏன் தயங்கினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிறு எனக்குக் கோயிலில் எண்ணுகிற நாள். இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் நின்றேன். என்னிடமிருந்த ஆறு கதிரையையும் கீழே இறக்கினேன். ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பொயிலர்காரர், அவருடைய மனைவி, அன்று தோளைத் தடவிய பெண், இன்னும் மூன்று பேர். அக்கா தாயின் சட்டையோடு நின்றார். அவரே போய் யன்னலைத் திறந்தார். பஸ் சத்தமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தமும் உள்ளே வந்தன. அலமாரிக் கதவையும் திறந்து விளக்கு தெரிய விட்டார்.

பிறகு கையைக் கோத்துக்கொண்டு தொடங்கினார்.

போர்த்துக்கீசம் எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டம் தெரியும், ஐந்து வருஷம் தரைவழியாகக் கேட்டிருக்கிறேன். நாலு வரி வந்தது. ஐந்தாவதில் நின்றார். கொஞ்சம் பொறுத்து முதலிலிருந்து தொடங்கினார். மீண்டும் நாலு வரி. கண்ணை மூடினார். கை பாத்திரம் கழுவுவதுபோல் காற்றில் சுழன்றது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். நாலு வரிக்கு மேல் வரவில்லை.

ஒரு வருஷம் சொல்லாமல் விட்டது. அவ்வளவுதான். யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. அவருடைய தங்கைமார் இல்லை, ஊரில் தெரிந்தவர்கள் இல்லை, எழுத்தில் எங்கும் இல்லை.

குழாயை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "மிச்சம் மறந்து போயிட்டுது" என்றார்.

பொயிலர்காரர் எழும்பினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. "இருக்கிற நாலையும் சொல்லுங்கோ அம்மா. நாங்கள் பின்னால சொல்லுறம்."

அவர் சொன்னார். ஆறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். மீண்டும் சொன்னார், மீண்டும் சொன்னார்கள். வெளியே இருட்டும்வரை அந்த நாலு வரிதான். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. வெள்ளி தெரிந்ததும் அக்கா சூப்பை ஊற்றிக் கொடுத்தார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார்கள். வாசலில் பொயிலர்காரர் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா கதிரையில் இருந்தார்.

"நல்ல ஆக்கள்" என்றார். "இவ்வளவு பேர் வந்தவை. நான் வெறுங்கையோட இருந்திட்டன், மாஸ்டர்."

அப்படியில்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் பொய்யை விரும்பாதவர். கோப்பைகளைக் கழுவித் துடைத்து வைத்தேன். கதிரைகளை நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.